லெவல் மீட்டரைச் சரியாகப் படிப்பது எப்படி: கச்சேரி ரெக்கார்டிங்கை வைத்து ஒரு முழு வழிகாட்டி

ரெக்கார்டர் வாங்கும்போது கடையில் சொல்லித் தருவது பெரும்பாலும் ஒரே பாடம்தான். பச்சையில் ஆடட்டும், மஞ்சள் அவ்வப்போது வரலாம், சிவப்பு எரியக் கூடாது. தப்பில்லை. ஆனால் இதை மட்டும் நம்பி ஒரு கச்சேரியைப் பதிவு செய்யப் போனால் இரண்டில் ஒன்று நடக்கும். சிவப்பு ஒரு தடவைகூட எரியாமலே மிருதங்கம் கரகரவென்று உடைந்திருக்கும், இல்லையென்றால் சிவப்புக்குப் பயந்து தனி ஆவர்த்தனம் (தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் பகுதி) முழுக்க கெயினை, அதாவது உள்ளே வரும் ஒலியின் பெருக்கத்தை, திருகிக்கொண்டே இருந்து லெவல் மேலும் கீழுமாகக் கெட்டுப் போயிருக்கும். எந்த மீட்டரும் எல்லாவற்றையும் காட்டுவதில்லை. ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும், நாம்தான் அது எந்தக் கேள்வி என்று தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே உதாரணம்தான்: வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம், கடம், ஒரு சபா, அங்கே எல்லா மைக்கையும் கலக்கும் ஒரு மிக்சர், அதிலிருந்து லைன் எடுத்து உங்கள் ரெக்கார்டருக்கு. பாட்காஸ்ட்டோ பேட்டியோ எடுப்பவர்களுக்கும் இதே வழிதான், அவர்களுக்கு மிருதங்கம் இல்லாததால் வேலை பாதி குறைவு.

முதலில்: முன்னால் இருப்பது எந்த மீட்டர்?

ஊசி ஆடும் பழைய விஷயம் வியு (VU, வால்யூம் யூனிட்) மீட்டர். அமெரிக்காவில் 1939 வாக்கில் பெல் லேப்ஸும் சிபிஎஸ், என்பிசி ஒலிபரப்பு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. அதன் ஊசி வேண்டுமென்றே மெதுவாக வைக்கப்பட்டது: ஒரு சீரான டோன் வந்தால் ஊசி தன் இடத்துக்குப் போய்ச் சேர 300 மில்லி செகண்ட் ஆகும். குரலுக்கு இது அருமையாகப் பொருந்தும். பாடகர் ஒரு ஸ்வரத்தில் நின்று கார்வை கொடுக்கும்போது ஊசி காட்டுவதும் காது கேட்பதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் (வலது பக்கத்தில்) விழும் ஒரு 'நம்' அப்படியில்லை. அதன் உச்சம் சில மில்லி செகண்டில் வந்து போய்விடுகிறது, ஊசி கிளம்பும்போதே அடி முடிந்துவிட்டது. வியுவில் -5 என்று சாதுவாக ஆடும் மிருதங்கத்தின் உண்மையான உச்சம் அதைவிட 12, 15 டெசிபல் (ஒலியளவின் அலகு) மேலே இருப்பது சர்வ சாதாரணம். பாலத்துக்கு அடியில் லாரி நுழையுமா என்று தெரிய உயரத்தைப் பார்க்க வேண்டும், எடை மேடையில் ஏற்றிப் பார்த்துப் பயனில்லை. வியு காட்டுவது எடை, அதாவது சராசரி.

உயரத்தை, அதாவது உச்சத்தைக் காட்ட வந்ததுதான் பிபிஎம் (PPM, பீக் புரோகிராம் மீட்டர்). ஐரோப்பிய ஒலிபரப்பு நிலையங்களில் 1930களிலேயே புழக்கத்துக்கு வந்தது. பிபிசி வகையில் கறுப்பு முகப்பில் 1 முதல் 7 வரை வெள்ளை எண்கள் இருக்கும். எண்ணுக்கு எண் 4 டெசிபல். வேகமாக ஏறும், மெதுவாக இறங்கும். அப்படி இறங்குவது குறையல்ல, கண் பார்த்துப் படிக்க நேரம் கொடுப்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனாலும் இதுவும் 10 மில்லி செகண்ட் கணக்கில் அளப்பதால், அதைவிடக் குட்டையான அடிகளைக் கொஞ்சம் குறைத்தே காட்டும்.

இன்று உங்கள் கையில் இருக்கும் ரெக்கார்டரிலும் கம்ப்யூட்டரிலும் இருப்பது டிஜிட்டல் பீக் மீட்டர். ஒவ்வொரு சாம்பிளையும் (ஒலியை நொடிக்குப் பல்லாயிரம் தடவை அளந்து எடுக்கும் எண்களில் ஒவ்வொன்றையும்) பார்ப்பதால் மிருதங்கத்தின் அந்த 'நம்' இதில் தப்பாது. ஆனால் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கிறது என்பதை இது சொல்லவே சொல்லாது. பாடகரும் மிருதங்கமும் பீக்கில் ஒரே அளவு காட்டினால் பாட்டுதான் ஓங்கிக் கேட்கும், மிருதங்கம் பின்னால் எங்கோ கேட்கும். கேட்பதற்கான அளவை எல்யுஎஃப்எஸ் (LUFS, காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) மீட்டர் சொல்லும், அது பதிவுக்குப் பிந்தைய வேலை, கடைசியில் வருகிறேன்.

எண்கள் குழப்பாமல் இருக்க

மிக்சரில் 0 என்பது நடு ஊர். அதைத் தாண்டிப் போக இடம் உண்டு. ரெக்கார்டரில் 0 என்பது சுவர், அதற்கு மேல் எண்ணே இல்லை, அதனால்தான் அங்கே எல்லாமே மைனஸில் இருக்கிறது. இரண்டும் 0 என்று எழுதியிருப்பதால் ஒன்றுதான் என்று நினைத்து, மிக்சரில் 0 ஆடும்போது ரெக்கார்டரிலும் 0 ஆட வேண்டும் என்று கெயினை ஏற்றுபவர்கள் ஏராளம்.

தொழில்முறைக் கருவிகளில் 0 வியு என்பது +4 டிபியு (dBu, சிக்னலின் மின்னழுத்தத்தைச் சொல்லும் டெசிபல்), வோல்ட்டில் சொன்னால் சுமார் 1.23. இதை ரெக்கார்டரின் எந்த இடத்தில் உட்கார வைப்பது என்பதற்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. அமெரிக்க வழக்கில் +4 டிபியு, -20 டிபிஎஃப்எஸ்ஸில் (dBFS, ரெக்கார்டரின் சுவரான 0இலிருந்து எண்ணும் டெசிபல்) உட்காரும். ஐரோப்பிய வழக்கில் 0 டிபியு, -18இல் உட்காரும். கச்சேரிக்கு நான் -20ஐத்தான் பிடித்துக்கொள்கிறேன், தாளவாத்தியம் இருக்கும் இடத்தில் மேலே 20 டெசிபல் காலி இருந்தால் நிம்மதி. அந்தக் காலி இடத்துக்குப் பெயர்தான் ஹெட்ரூம்.

இன்னொன்று, திரையில் மீட்டரின் அளவுகோல் சமமாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிலவற்றில் -20 முதல் 0 வரைக்கே பாதிக்கு மேல் இடம் போய்விடும், சிலவற்றில் -60 முதல் 0 வரை ஒரே அளவில் இருக்கும். பட்டை பாதிதான் ஏறியிருக்கிறது என்று கவலைப்படுவதற்கு முன் அந்தப் பாதியில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள்.

மீட்டர் எந்த இடத்தில் அளக்கிறது?

மிக்சரில் ஒரு சேனலின் ஒலி மைக்கிலிருந்து ப்ரீஆம்ப் (மைக் ஒலியைப் பெருக்குவது), ஈக்யூ (ஒலியின் தன்மையைத் திருத்துவது), ஃபேடர் (அளவைக் கூட்டிக் குறைக்கும் தள்ளுகட்டை), மாஸ்டர் (எல்லாம் சேர்ந்து வெளியேறுவது) என்று நாலு இடம் தாண்டி வருகிறது. மாஸ்டர் மீட்டர் கடைசி இடத்தை மட்டுமே பார்க்கும். மிருதங்க சேனலின் ப்ரீஆம்ப் நிரம்பி வழிந்துகொண்டிருக்கும்போது ஃபேடரைக் கீழே இழுத்து வைத்திருந்தால் மாஸ்டரில் எல்லாம் பச்சைதான். ஒலி மட்டும் உடைந்திருக்கும். அதனால் ஒவ்வொரு சேனலிலும் பிஎஃப்எல் (PFL, ப்ரீ ஃபேடர் லிசன்) பட்டனை அழுத்தி, ஃபேடருக்கு முந்தைய அளவை மீட்டரில் பார்த்துக் கெயினை வையுங்கள், அப்புறம் ஃபேடருக்கு வாருங்கள். மிக்சர் சபாக்காரருடையது என்றால் நீங்களே கை வைக்காதீர்கள், "அண்ணா, மிருதங்கத்துக்கு ஒரு தடவை பிஎஃப்எல் பாத்துக்கலாமா" என்று கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

ரெக்கார்டரின் நுழைவாயில்

ரெக்கார்டிங் பாழாகும் வழிகளில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். மிக்சரிலிருந்து வருவது லைன் லெவல், அதை ரெக்கார்டரில் மைக் என்று வைத்த சாக்கெட்டில் செருகுகிறார்கள். வரும் சிக்னல் மைக்கை எதிர்பார்க்கும் ப்ரீஆம்புக்கு மிகப் பெரியது. மீட்டர் உடனே சிவப்பாகும், சரி என்று கெயினைக் குறைப்பார்கள், சிவப்பு போய்விடும், எல்லாம் சரியாகிவிட்டது போல இருக்கும். ஆனால் சில ரெக்கார்டர்களில் ஒலி முதல் ஆம்ப்ளிஃபையரிலேயே உடைந்துவிடுகிறது, கெயின் குமிழ் அதற்கு அடுத்த இடத்தில்தான் இருக்கிறது. உடைந்த ஒலியைத்தான் குறைத்திருக்கிறீர்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. ஒரு நிமிடம் பதிவு செய்து அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் கூராக, ஒவ்வொன்றும் ஒவ்வோர் உயரத்தில் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல், மீட்டரில் -8ஐத் தாண்டவே இல்லை என்றாலும், எல்லா உச்சிகளும் அந்த -8 கோட்டில் ஸ்கேல் வைத்துக் கிழித்தது போலத் தட்டையாக நின்றால், எங்கோ முன்னாலேயே கிளிப் ஆகியிருக்கிறது (உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது) என்று அர்த்தம். மெனுவில் லைனுக்கு மாற்றுங்கள், இல்லையென்றால் பேட் (சிக்னலைக் குறைக்கும் சுவிட்ச்) போடுங்கள், அதுவும் இல்லையென்றால் மிக்சரின் வெளியீட்டைக் குறைக்கச் சொல்லுங்கள். கூடவே ஃபான்டம் பவரையும் (மைக்குக்குக் கேபிள் வழியே போகும் மின்சாரம்) அணைத்துவிடுங்கள், லைன் வரும் இடத்தில் அதற்கு வேலை இல்லை.

எதிர்ப்பக்கத்துச் சிக்கலும் உண்டு. வீட்டு உபயோகக் கருவிகளின் லைன் அளவு -10 டிபிவி (dBV, டிபியுவிலிருந்து வேறு அடிப்படையில் எண்ணும் அலகு). இது தொழில்முறை அளவைவிட ஏறக்குறைய 12 டெசிபல் குறைவு. சிவப்பு நிற ஆர்சிஏ பின்னிலிருந்து எடுத்தால் லெவல் ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம், காரணம் இதுதான்.

டோன் போட்டு இரண்டு மீட்டரையும் சேர்ப்பது

மிக்சரில் டோன் ஜெனரேட்டர் இருந்தால் 1 கிலோஹெர்ட்ஸ் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் போனில் ஒரு டோன் ஆப் போதும். மிக்சர் மாஸ்டரில் 0 நிற்கும்வரை ஏற்றுங்கள். இப்போது ரெக்கார்டரில் -20 வரும்வரை கெயினைத் திருகுங்கள். இடது, வலது இரண்டும் ஒரே எண் காட்ட வேண்டும், அரை டெசிபல் வித்தியாசம் பரவாயில்லை, 3 இருந்தால் ஒரு கேபிளோ ஒரு குமிழோ சரியில்லை. சீரான டோனில் மெதுவான மீட்டரும் வேகமான மீட்டரும் ஒத்துப்போகும் என்பதால்தான் பாட்டை வைத்துச் செய்யாமல் டோனை வைத்துச் செய்கிறோம். அளவு சேர்ந்த பிறகு குமிழின் மேல் ஒரு துண்டு டேப் ஒட்டிக் கோடு போட்டுவிடுங்கள், யாராவது தட்டிவிட்டால் திரும்ப வைக்க உதவும்.

சவுண்ட் செக்

சவுண்ட் செக்கில் பாடகர் என்ன செய்வார் என்று எல்லோருக்கும் தெரியும். ஸா, பா, ஸா என்று மெதுவாக ஒரு தடவை, தொண்டையைக் கனைத்து "போதுமா?" என்று ஒரு தடவை. அதை வைத்து லெவல் வைத்தால் கச்சேரியில் பல்லவியின் உச்சத்தில் மாட்டிக்கொள்வீர்கள். "சார், மேல் ஷட்ஜத்துல கொஞ்சம் நின்னு பாடுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். மிருதங்க வித்வானிடம் சும்மா தட்டச் சொல்லாதீர்கள், ஒரு மோராவும் கோர்வையும் (முடிவுக்கு வரும் தாளக் கோவைகள்) வாசிக்கச் சொல்லுங்கள், கோர்வையின் கடைசித் தீர்மானத்தில் பீக் மீட்டர் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். பீக் ஹோல்ட் இருந்தால் போட்டுவிடுங்கள், கண் சிமிட்டும் நேரத்தில் வந்து போனதைக்கூட அந்தச் சின்னக் கோடு பிடித்து வைத்திருக்கும்.

அந்தக் கோடு -12இல் இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். -6 என்றால் குறையுங்கள். கூட்டம் உட்கார்ந்த பிறகு எல்லோரும் சவுண்ட் செக்கைவிட ஓங்கித்தான் வாசிப்பார்கள், 6 டெசிபல் கூடுவது சாதாரணம். குரல் மட்டுமென்றால் சராசரி -20 பக்கமும் உச்சம் -10 பக்கமும் இருக்கட்டும். நாதஸ்வரம், தவில் என்றால் கதையே வேறு. ஒரு கையில் விரல் கூடு, மறு கையில் கழி, அந்த அடிக்கு முன்னால் கண்டென்சர் மைக்கைப் பக்கத்தில் வைத்தால் ரெக்கார்டர் மீட்டர் என்ன காட்டினாலும் மைக்குக்குள்ளேயே உடையலாம். மைக்கிலேயே பேட் சுவிட்ச் இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் மைக்கைத் தள்ளி வையுங்கள்.

இவ்வளவு குறைவாக வைத்தால் இரைச்சல் வராதா என்று கேட்பார்கள். டேப் காலத்தில் வரும். டேப்பின் இரைச்சல் அதிகம், கொஞ்சம் மீறினாலும் டேப் மென்மையாகத்தான் அமுங்கும், அதனால் மேலே மேலே தள்ளுவது நல்ல பழக்கமாக இருந்தது. 24 பிட்டில் (ஒவ்வொரு சாம்பிளையும் எத்தனை பிட்டில் சேமிப்பது என்ற அமைப்பு) கணக்கு வேறு. ஒரு பிட்டுக்கு 6 டெசிபல் வைத்தால் ஏட்டில் 144 டெசிபல். உச்சத்தை -18இலேயே நிறுத்தினாலும் 126 மிச்சம். நல்ல கன்வர்ட்டரே (ஒலியை எண்ணாக மாற்றும் பகுதி) நடைமுறையில் 120ஐ ஒட்டித்தான் தரும், சபாவின் ஏசியும் மின்விசிறியும் அதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் மூடிவிடும். 16 பிட்டில் ஏடே 96தான், அங்கே கொஞ்சம் கவனம் வேண்டும். அதற்குப் பதில் மெனுவில் 24க்கு மாற்றிவிடுங்கள், மெமரி கார்டு ஒன்றும் அவ்வளவு விலை இல்லை.

கச்சேரி நடக்கும்போது

கெயினைத் தொடாதீர்கள். தொட்டே ஆக வேண்டுமென்றால் பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில், எவ்வளவு டெசிபல் மாற்றினீர்கள் என்று குறித்துக்கொண்டு தொடுங்கள். அப்போதுதான் எடிட்டில் அதே அளவைத் திருப்பிப் போட முடியும். ஆலாபனையில் மீட்டர் -35இல் கிடக்கிறதே என்று ஏற்றுவதும், தனியில் பதறி இறக்குவதும்தான் பதிவைக் கெடுக்கும். அந்த ஏற்ற இறக்கம் சங்கீதத்தின் பங்கு, அப்படியே வரட்டும்.

ஹால் ஒலிக்கென்று தனியாக மைக் வைத்திருந்தால் ஒன்றை மறந்துவிடாதீர்கள்: அந்த மைக்கில் மாலையின் உச்ச அளவு பெரும்பாலும் கைதட்டல்தான், மிருதங்கம் இல்லை. முன் வரிசைக்குப் பக்கத்தில் மைக் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிளிப் விளக்கு ஒரு தடவை எரிந்தால் சில கருவிகளில் அணையாமல் அப்படியே நிற்கும், நேரத்தைக் குறித்துக்கொண்டு அழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் அடுத்தது எப்போது வந்தது என்றே தெரியாது. அந்த விளக்கு எந்த அளவில் எரியும் என்பதும் கருவிக்குக் கருவி மாறும். சிலது 0 தொட்ட ஒரே சாம்பிளுக்கு எரியும், சிலது தொடர்ந்து சில சாம்பிள்கள் தொட்டால்தான், சிலது 0க்கு ஓரிரு டெசிபல் முன்னாலேயே எச்சரிக்கும். மேனுவலில் ஒரு வரியில் இருக்கும், படித்துவிடுங்கள்.

ஹெட்ஃபோனைக் கழற்றாதீர்கள். ஹம், லூசான கேபிளின் கரகரப்பு, மைக்கில் உரசும் அங்கவஸ்திரம் இதெல்லாம் மீட்டரில் ஒலியாகத்தான் தெரியும், பெயர் சொல்லாது. ஹெட்ஃபோன் குமிழை ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், அது பதிவாகும் அளவை மாற்றாது, உங்கள் காதை மட்டும்தான் ஏமாற்றும். மேடையில் யாரும் வாசிக்காதபோது மீட்டர் -30இல் தள்ளாடுகிறது, காதில் ஒன்றுமே கேட்கவில்லை என்றால் அது அடித்தட்டு அதிர்வு, ஏசியோ மேடைப் பலகையோ காற்றோ. 80 ஹெர்ட்ஸில் லோ கட் (அதற்குக் கீழான ஒலியை வெட்டும் வசதி) போட்டால் பெரும்பாலும் அடங்கும். ஆனால் மிருதங்கத்தின் தொப்பி (இடது பக்கம்) அந்தப் பக்கத்தில்தான் குடியிருக்கிறது, அதனால் குரல் மைக்கில் போடுங்கள், மிருதங்க மைக்கில் யோசித்துப் போடுங்கள்.

லிமிட்டர், பேக்கப், 32 பிட்

லிமிட்டரை (உச்சம் ஓர் அளவைத் தாண்டாமல் அமுக்குவது) -3இல் போட்டு வைப்பதில் தவறில்லை, அது கோர்வைக்கு ஒரு தடவை தொட்டுவிட்டுப் போக வேண்டும். அதன் விளக்கு தாளத்துக்குத் தாளம் எரிந்தால் கெயின் அதிகம். ஜூம் எச்5, எச்6 போன்றவற்றில் அதே ஒலியை 12 டெசிபல் குறைத்து இன்னொரு கோப்பாகச் சேமிக்கும் வசதி இருக்கிறது, இடம் போனால் போகிறது, போடுங்கள்.

32 பிட் ஃப்ளோட் (0ஐத் தாண்டிய அளவையும் சேமிக்கும் கோப்பு வகை) வந்த பிறகு மீட்டரே தேவையில்லை என்று ஒரு பேச்சு ஓடுகிறது. ஜூம் எஃப்3இல் கெயின் குமிழே கிடையாது என்பது உண்மைதான். அந்தக் கோப்பில் 0ஐத் தாண்டியதை எடிட்டில் இறக்கினால் உச்சி முழுசாகத் திரும்பி வரும் என்பதும் உண்மை. ஆனால் மைக் உடைந்தாலோ, சபா மிக்சர் உடைத்து அனுப்பினாலோ, ரெக்கார்டரின் ப்ரீஆம்ப் தாங்கும் அளவையே சிக்னல் தாண்டினாலோ, 32 பிட் அந்த உடைசலைத்தான் மிகத் துல்லியமாகச் சேமித்து வைக்கும். ஆகவே பிஎஃப்எல்லும் லைன் சுவிட்சும் பார்க்கும் வேலை அப்படியே இருக்கிறது.

இரண்டு சேனல் வரும்போது ஃபேஸ் மீட்டரையும் (இரண்டு சேனலும் சேர்ந்து ஆடுகின்றனவா, எதிரெதிராகவா என்று காட்டுவது) ஒரு பார்வை பாருங்கள். +1 பக்கம் சாய்ந்து ஆடினால் நல்லது, -1 பக்கமே ஒட்டிக்கொண்டிருந்தால் ஒரு கேபிளில் முனைகள் மாறியிருக்கின்றன. லெவல் மீட்டர் இரண்டும் அழகாக ஆடும், ஹெட்ஃபோனிலும் ஏதோ அகலமாகக் கேட்பது போலத்தான் இருக்கும். ஒற்றை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டால்தான் பாடகர் காணாமல் போயிருப்பது தெரியும்.

வீட்டுக்கு வந்த பிறகு

இப்போதுதான் எல்யுஎஃப்எஸ். 2006இல் வந்த ஐடியு-ஆர் (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலிப் பிரிவு) பிஎஸ்.1770 என்ற தரநிலைதான் இதன் அடிப்படை. காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப ஒலியைத் திருத்தி, மொத்தக் கோப்புக்கும் ஒரே எண் தரும். நடுவில் வரும் மௌனத்தையும் மிகச் சன்னமான இடங்களையும் கணக்கில் சேர்க்காது, அதனால் பாட்டுகளுக்கு இடையிலான ஸ்ருதி சேர்ப்பு எண்ணை அதிகம் கீழே இழுக்காது. ஐரோப்பிய ஒலிபரப்புக்கு -23, ஸ்பாட்டிஃபைக்கு -14, ஆப்பிள் பாட்காஸ்ட்டுக்கு -16 என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஓர் எண் உண்டு. கர்நாடக சங்கீதத்தை -14க்குத் தள்ள முயன்றால் லிமிட்டர் மிருதங்கத்தைத் தின்றுவிடும். -18, -19இல் விட்டுவிடுங்கள், கேட்பவர் வால்யூமைக் கொஞ்சம் கூட்டிக்கொள்வார்.

எக்ஸ்போர்ட் செய்யும்போது சாதா பீக்கைப் பார்க்காமல் ட்ரூ பீக்கைப் பாருங்கள். சாம்பிளுக்கும் சாம்பிளுக்கும் நடுவில் அலை எழும்பிப் போகும் உயரம் சாதா மீட்டருக்குத் தெரியாது, எம்பி3யாகவோ ஏஏசியாகவோ மாற்றும்போது அது இன்னும் கொஞ்சம் ஏறும். -1இல் நிறுத்தினால் போதும். ஒற்றைச் சேனல் கோப்பு என்றால் மட்டும் ஒரு விஷயம்: அதே குரலை இரண்டு சேனலில் போட்டால் எண் 3 கூடும். அதனால் ஸ்டீரியோவில் -16 கேட்கும் இடத்துக்கு மோனோவில் -19 வைத்தால்தான் இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்.